சொல்லாமல் போகிற வீடு

பெரியப்பா ஜெர்மனியில் இருந்தவரை அவருக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்றும் இருக்கவில்லை. லண்டனுக்கு வந்த பிறகுதான் அவருக்குத் தெரியாத விஷயங்கள் நடக்கத் தொடங்கின. அதனால் லண்டன்மீது அவருக்கு ஒரு கோபம் இருந்தது.

அவர் அப்பாவின் அண்ணன். கல்யாணம் கட்டாதவர். ஜெர்மனியில் ஒரு பேக்கரியில் பல வருடம் பாண் சுட்டுவிட்டு, ஏதோ வேகத்தில் லண்டனுக்குக் கிளம்பி வந்து, ஒரு வெள்ளை வான் வாங்கித் தமிழ்க் கடைகளுக்குச் சாமான் இறக்கிக்கொண்டிருந்தார். டூட்டிங்கில் நாங்கள் இருந்த வீடு அவர் பெயரில் எடுத்த வாடகை வீடு. ஆகவே அதன் சட்டதிட்டங்களும் அவருடையவை. அப்பாவுக்கு ஹவுன்ஸ்லோ பக்கம் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. வெளியே நன்றாகக் கதைக்கிற மனுஷன், வீட்டில் அண்ணன் இருமினாலே எழுந்து நின்றுவிடுவார். அம்மா பெரியப்பாவோடு நேரே கதைப்பதில்லை. சொல்லவேண்டியதைக் கதவைப் பார்த்துச் சொல்வார். பெரியப்பாவும் அதே கதவுக்குப் பதில் சொல்வார். எங்கள் வீட்டில் அதிகம் தெரிந்து வைத்திருந்தது அந்தக் கதவுதான்.

எனக்கு ஏழு வயதில் உடம்பெல்லாம் கொப்புளம் போட்டது. பள்ளிக்கூடத்தில் ரீச்சர் என் வயிற்றைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு வந்துவிட்டதாம், சிறுவயதில் வந்து போனால் நல்லதாம், மருந்துக்கடையில் ரோஸ் நிறத்தில் ஒரு தைலம் இருக்கிறதாம். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்ற பெரியப்பா என் கன்னத்தைப் பார்த்தார். பார்த்தவர் மெல்லக் குனிந்து தன் சப்பாத்துகளைக் கழற்றினார். வளர்ந்த ஒரு ஆள் என்னைப் பக்தியோடு பார்த்தது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான்.

எங்கள் ஆட்கள் அதைக் கொப்பளிப்பான், அம்மை என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அம்மாள் வந்திருக்கிறா என்பார்கள். வந்தவ தெய்வம்; வருத்தம், நோய் என்று சொல்லி அவமதிக்கக் கூடாது. அன்று பின்னேரமே பெரியப்பா சட்டங்களை அறிவித்தார். வீட்டில் பொரியல் இல்லை, தாளிதம் இல்லை, மீன் இல்லவே இல்லை. எனக்குத் தலை இழுக்கக் கூடாது, சீப்பே படக் கூடாது. வெள்ளைத் துணியில்தான் படுக்கை. என்னைப் பார்க்கிற ஆள், அதாவது அம்மா, எனக்கு மூன்று முறை வேப்பிலைத் தண்ணீர் வார்த்து, அந்த மூன்றாம் தண்ணீர் முடியும்வரை வாசல் தாண்டக் கூடாது. கார்ட்டூன் பார்க்கலாமா என்று கேட்டேன். பெரியப்பா கொஞ்சம் யோசித்தார். அம்மாள் குழந்தை மனசுக்காரி, பார்க்கட்டும் என்று தீர்ப்புச் சொன்னார்.

இன்னொரு சட்டமும் இருந்தது. அந்த வீட்டை விட்டு வெளியே போகிறவர்கள் ‘போட்டு வாறன்’ என்று சொல்லக் கூடாது. ‘வாறன்’ என்ற சொல்லைக் கேட்டால் வந்த வருத்தமும் அதைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருமாம். எனவே அப்பா வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று தொண்டையைச் செருமுவார், சாவியைக் கிலுக்குவார், கடைசியில் களவெடுத்தவர்போல நழுவிப் போவார். எனக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது.

பெரியப்பா அப்பர் டூட்டிங் ரோட்டுக் கடைகளெல்லாம் ஏறி இறங்கி வேப்பிலை வாங்கி வந்தார். பிளேனில் வந்த இலை, பிளாஸ்டிக் பைக்குள் வியர்த்துப்போய்க் கிடந்தது. கொஞ்சத்தை வாசற்கதவில் செலோரேப் போட்டு ஒட்டினார். பீட்சா விளம்பரம் போடுகிற பையன் அதை உற்றுப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கு மட்டும் விளம்பரம் போடாமல் போனான். ஜெர்மனியாக இருந்தால் இதைவிட நல்ல இலை கிடைத்திருக்கும் என்று பெரியப்பா சொன்னார்.

மீன் இல்லாமல் வாடிப்போனது அப்பாதான். ஒருநாள் வேலையால் வந்தபோது அவருடைய ஜாக்கெட்டில் மீனும் சிப்ஸும் விற்கிற கடையின் வினிகர் மணந்தது. பெரியப்பா மூக்கைச் சுருக்கிக்கொண்டு, “அம்மாள் இருக்கிற வீட்டில மீன் மணக்குது,” என்றார். அது விமான எண்ணெயின் மணம் என்று அப்பா சாதித்தார். எனக்கும் அந்த மணம் மூக்கில் ஏறி, அன்றிலிருந்து சிப்ஸ் ஆசை பிடித்துக்கொண்டது.

ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த நாட்கள் சொர்க்கம். அம்மாவின் வயிற்றில் அப்போது தம்பி இருந்தான். அவன் வந்த நாள் முதல் அம்மாவுக்கு வாந்தியும் தலைச்சுற்றும். என்னை மடியில் வைத்துக்கொள்ளக்கூட ஏலாமல் போயிருந்தது. இப்போது முழு அம்மாவும் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டார். பக்கத்தில் படுத்துக்கொண்டு வேப்பிலையால் மெல்ல மெல்லத் தடவுவார். அரித்துக் கடிக்கிற இடத்தைச் சொன்னால் ஊதிவிடுவார். அவருடைய பெரிய வயிற்றில் கால் போட்டுக்கொண்டு படுத்திருப்பேன். ஒரு கொப்புளமும் காயக் கூடாது என்று அம்மாளிடம் நான் இரகசியமாக நேர்த்தி வைத்தேன்.

அப்படி இருக்கையில்தான் கிளினிக் அன்ரி வந்தார்.

எங்கள் டொக்டரின் கிளினிக்கில் முன்மேசைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. அதில் இருந்தவர் அவர். எங்கள் சனத்தை டொக்டரிடமும், டொக்டரை எங்கள் சனத்திடமும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவருடைய வேலை. அழைத்தும் வராதவர்களைத் தேடி வீட்டுக்கே போவார். அவரால் உயிர் தப்பினோம் என்று சொன்ன ஆட்களும் இருந்தார்கள். வீட்டு விஷயத்தைக் கவுன்சிலுக்குச் சொல்லிக் கொடுக்கிறவ என்று சொன்ன ஆட்களும் இருந்தார்கள். பெரியப்பா இரண்டாவது கட்சி. அன்ரி லூயிஷாமிலிருந்து ரெயினும் பஸ்ஸும் மாறி வருவார், வந்ததும் அந்தப் பயணத்தைத் திட்டுவார். கடுஞ்சிவப்பு லிப்ஸ்டிக், ஓடுகிறவர்கள் போடுகிற சப்பாத்து. குரல் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

அந்தக் குரல் அன்று எங்கள் வாசலில் பாதியில் நின்றது. கதவில் ஒட்டியிருந்த வேப்பிலையைப் பார்த்தார். சப்பாத்தைக் கழற்றினார். மணியை அடிக்காமல் விரலால் தட்டினார். பெரியப்பா திறந்ததும், “உள்ளுக்கு வரலாமோ அண்ணை? எனக்குச் சின்னனிலையே வந்தது, மூண்டு தண்ணி வார்த்தது,” என்றார். இப்படிக் கேட்கத் தெரிந்த ஒருத்தியைத் துரத்துவதற்குப் பெரியப்பாவின் சட்டத்தில் இடம் இருக்கவில்லை.

அம்மா முதல்நாள் கர்ப்பிணிகளைப் பார்க்கிற நேர்ஸிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. அதைக் கேட்கத்தான் அன்ரி வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அதைக் கேட்காமல் வேறு கேட்டார்.

“பிள்ளைக்கு அம்மாள் எப்ப வந்தவ?”

“வெள்ளிக்கிழமை,” என்றார் அம்மா.

“உங்களுக்கு முந்தி வந்து போனதுதானே?”

“ஓம்.”

அம்மா அதைச் சட்டென்று சொன்னார். நேர்ஸ் முன்பு கேட்டபோதும் அப்படித்தான் தலையாட்டியிருந்தார். அன்ரி படுக்கையின் ஓரத்தில் அமர்ந்தார். பிறகு என் படுக்கையிலிருந்து ஒரு வேப்பங்கொத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஊர்க் கதை கதைக்கிறவர்போலக் கேட்டார்.

“ஊரில உங்கட வீட்டுக்கு அம்மாள் வந்தநேரம் ஆர் தண்ணி வார்த்தது?”

“அம்மாதான்.”

“ஆராருக்கு வார்த்தவ?”

“அண்ணைக்கு முதல். பிறகு கடைசித் தங்கச்சிக்கு.”

“உங்களுக்கு எத்தினை தண்ணி?”

என் முதுகைத் தடவிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

“என்னைப் பெரியம்மா வீட்டை அனுப்பிப்போட்டினம்,” என்றார் அம்மா, மிகவும் மெல்ல.

அன்ரி அதற்காக அம்மாவைக் குறை சொல்லவில்லை. அவரும் அதே மண்ணில் வளர்ந்தவர். எனக்கு இன்னும் அம்மாள் வரவில்லை என்று எங்கள் பெண்கள் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். அப்படிச் சொல்வது வாசலில் நின்று வாவென்று கூப்பிடுவதற்குச் சமம். யார் கேட்டாலும், வெள்ளைக்கார நேர்ஸ் கேட்டாலும், வந்து போய்விட்டது என்றுதான் சொல்லவேண்டும். பயத்தில் சொல்கிற மரியாதை அது. நேர்ஸ் அந்த மரியாதையை அப்படியே நம்பிவிட்டார்.

அன்ரியின் குரல் திரும்பி வந்தது. இந்த முறை பெரியப்பாவை நோக்கி.

“அண்ணை, வயித்தில பிள்ளையோட இருக்கிற ஆளுக்கு இது முதல்தரம் வந்தால் நெஞ்சுக்குள்ள இறங்கும். தாய்க்கும் ஆபத்து, வயித்துப் பிள்ளைக்கும் ஆபத்து. இண்டைக்கே ஆசுப்பத்திரிக்குப் போய் ரத்தம் பார்க்க வேணும். நாள் கடந்தால் ஊசி போட்டும் பிரயோசனம் இல்லை.”

“மூண்டாம் தண்ணி வார்க்காமல் அவ வாசல் தாண்ட ஏலாது,” என்றார் பெரியப்பா.

“நீங்கள் வான் ஓடிக்கொண்டுதானே திரியிறியள்?”

“அது தொழில்.”

“இது உயிர், அண்ணை.”

பெரியப்பாவின் முகம் சிவந்தது. “அம்மாள் இருக்கிற வீட்டில இருந்து வெளிக்கிட்டு ஆசுப்பத்திரிக்குப் போன ஆக்களை நான் கண்டனான். நீர் எனக்குச் சொல்லத் தேவையில்லை,” என்று கத்தினார். ஜெர்மனி என்ற சொல் இல்லாமல் அவர் போட்ட முதல் சண்டை அதுவாக இருக்கவேண்டும். இரவு வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த அப்பா சத்தம் கேட்டு இறங்கி வந்து படியில் நின்றார். அண்ணனைப் பார்த்தார், அம்மாவின் வயிற்றைப் பார்த்தார், திரும்பவும் அண்ணனைப் பார்த்தார்.

அன்ரி கைபேசியை எடுத்து ஆசுப்பத்திரியோடு ஆங்கிலத்தில் கதைத்தார். கதைக்கக் கதைக்க அவருடைய புருவம் உயர்ந்தது. வைத்துவிட்டுப் பெரியப்பாவிடம் திரும்பினார். இப்போது குரலில் சண்டை இல்லை.

“அங்கையும் சட்டம் இருக்காம் அண்ணை. முன்வாசலால வரக்கூடாதாம். மற்றப் பெண்டுகளோட ஒரு இடத்தில இருக்கக்கூடாதாம். பின்பக்கம் தனி வாசல், தனி அறை. பார்க்க வாற நேர்ஸும் முந்தி வந்து போன ஆளாத்தான் இருக்கவேணுமாம். வழியில ஒரு வீட்டையும் ஏறாமல் நேர திரும்பிப் போக வேணுமாம்.”

பெரியப்பா கண்ணைச் சுருக்கினார். “தனி வாசலோ?”

“தனி வாசல்.”

“வந்து போன ஆள்தான் பார்க்குமோ?”

“அப்பிடித்தான் சொல்லுகினம்.”

பெரியப்பா சுவரில் இருந்த அம்மன் படத்தைப் பார்த்தார். வெள்ளைக்காரர்களைப் பற்றி அவர் மனதில் இருந்த கணக்கு ஏதோ ஒன்று அப்போது மாறியிருக்கவேண்டும். “அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு,” என்று முணுமுணுத்துவிட்டு, வான் சாவியைத் தேடப் போனார்.

அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை. வாசலுக்குப் போனார், செருப்பைப் போட்டார், ஒரு சொல்லும் சொல்லாமல் போய்விட்டார். அதுவரை வேடிக்கையாக இருந்த சட்டம் அந்த நேரத்தில்தான் என் நெஞ்சில் வந்து இடித்தது. நான் வீடு அதிரக் கத்தி அழுதேன். அப்பாவுக்கு என்னை எப்படிப் பிடிப்பதென்றே தெரியவில்லை. எங்கே தொட்டாலும் கொப்புளம்.

அம்மா பின்னேரமே திரும்பி வந்தார், ஆனால் என்னிடம் வரவில்லை. ரத்தத்தில் வந்துபோன அடையாளமே இல்லையாம். ஊசி போட்டு, என்னோடு இனிக் கிட்ட முட்டக் கூடாது என்று அனுப்பியிருந்தார்கள். அம்மா மேல்மாடி அறைக்குப் போனார். படியின் உச்சியில் நின்று என்னைப் பார்ப்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். காயாதே என்று நான் வைத்த நேர்த்தியை அம்மாள் அம்மாவிடம் சொல்லிக்கொடுத்துவிட்டா, அதுதான் கோபம் என்று எனக்குள் முடிவு செய்திருந்தேன்.

அதற்குப் பிறகு என்னைப் பார்த்தது பெரியப்பாதான். பாண் மாப் பிசைந்த கை. அந்தக் கையால் வேப்பிலை பிடித்துத் தடவினால் முற்றம் கூட்டுகிற மாதிரி இருக்கும். தண்ணீர் வார்க்கிற நாளில் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட வாளியை வெயிலில் வைத்துச் சூடாக்க வேண்டும் என்பது முறை. டூட்டிங்கில் வெயிலுக்கு எங்கே போவது? பெரியப்பா காலையிலிருந்து வாளியைத் தூக்கிக்கொண்டு முன் சன்னலுக்கும் பின் சன்னலுக்கும் அலைந்தார். மத்தியானமளவில் ஒரு துண்டு வெயில் வந்து, வாளி போய்ச் சேருமுன் மறைந்தது. கடைசியில் என்னைப் பார்த்து வாயில் விரலை வைத்துவிட்டு, கேத்திலைப் போட்டுக் கொதிநீரை வாளியில் ஊற்றினார். அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் தண்ணீரோடு எனக்குச் சுகம் என்று பெரியப்பா அறிவித்தார்.

அந்த வாரம் முடியுமுன் அம்மாவுக்கும் கொப்புளம் போட்டது.

வீட்டின் சட்டங்களெல்லாம் திரும்பி வந்தன. ஆனால் இந்த முறை வேப்பிலைக்குப் பக்கத்தில் டொக்டர் தந்த குளிசைப் பெட்டியும் இருந்தது. அன்ரி தினமும் போன் எடுத்து, அம்மாவின் மூச்சைப் பற்றி ஒரே கேள்வியைக் கேட்டார். ஒருநாள் காலை அந்தக் கேள்விக்கு அம்மாவால் ஒரே மூச்சில் பதில் சொல்ல ஏலவில்லை. அன்ரி ஆசுப்பத்திரிக்குச் சொல்லிவிட்டு, எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார். பின்வாசல், தனி அறை எல்லாம் ஆயத்தம். வேப்பிலை கொண்டு போகலாமா என்று அம்மா மூச்சு வாங்க வாங்கக் கேட்டார். அங்கே இலை குழை விட மாட்டார்கள். அன்ரி அதற்கும் கதைத்து, நன்றாக மூடிய, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பைக்குள் போட்டுச் சன்னலில் ஒட்டினால் சரி என்று சம்மதம் வாங்கியிருந்தார்.

கதை எப்படி முடிந்தது என்று யாரும் பயப்பட வேண்டாம். அம்மா சுகமாகத் திரும்பி வந்தார். தம்பி அந்த வருடமே பிறந்து, இப்போது என்னைவிட ஒரு முழம் உயர்ந்து, கிளினிக் அன்ரி இல்லாவிட்டால் உன் கொப்புளத்தால் என் உயிர் போயிருக்கும், நீ எனக்குக் கடன்காரி என்று என்னைச் சீண்டிக்கொண்டிருக்கிறான். அவனுக்குப் பிறந்த பிள்ளைக்கு வருத்தம் வராமலே இருக்க ஊசி போட்டாயிற்று. பெரியப்பா இப்போது இல்லை.

அவர் போன பிறகுதான் அப்பா எனக்கு ஒன்றைச் சொன்னார். பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் மூத்ததாக ஒரு அக்கா இருந்தாராம். ஊரில் அம்மாள் வந்து, மூச்சு எடுக்க ஏலாமல், கடைசி நேரத்தில் ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போனார்களாம். வழக்கப்படி சொல்லாமல்தான் போனாராம். பெரியப்பா அப்போது சின்னப் பெடியன். அக்கா சொல்லாமல் போனதையும் பிறகு வராமல் போனதையும் வாசற்படியில் இருந்து பார்த்திருக்கிறார். அதைப் பற்றி அவர் யாரோடும் கதைத்ததில்லை.

இதெல்லாம் எனக்கு, அம்மாவுக்கு மூச்சு முட்டிய அந்தக் காலையில் தெரியாது. தெரிந்ததெல்லாம் தொலைக்காட்சியில் ஓடிய கார்ட்டூன்தான். அப்பா அம்மாவைத் தாங்கிக்கொண்டு படியிறங்கினார். அம்மாவுக்கு முகமெல்லாம் கொப்புளம், ஒவ்வொரு படிக்கும் நின்று மூச்செடுத்தார். அன்ரி வேப்பிலைப் பையோடு முன்னே போனார். பெரியப்பா வான் சாவியோடு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

வாசலில் அம்மா நின்றார். திரும்பினார். இந்த முறை என்னை நேராகப் பார்த்தார்.

“பிள்ளை,” என்றார். “அம்மா போட்டு வாறன்.”

அப்பா திடுக்கிட்டு அண்ணனைப் பார்த்தார். அன்ரியும் பார்த்தார். பெரியப்பா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பிறகு, கதவிடம் அல்லாமல், அம்மாவின் முகத்தைப் பார்த்தே சொன்னார். “ஓம். போட்டு வாரும்.”

கடைசியில் இந்த வீட்டிலும் ஒரு ஆள் ஒழுங்காகச் சொல்லிவிட்டுப் போகிறதே என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மாவுக்கு என்மேல் இருந்த கோபம் தீர்ந்துவிட்டது. கார்ட்டூனிலிருந்து கண்ணை எடுக்காமல், “கெதியா வாங்கோ அம்மா,” என்றேன். “வரேக்க சிப்ஸ் வாங்கிக்கொண்டு வாங்கோ. வினிகர் கனக்கப் போட்டு.”

அன்ரி சிரித்தார். சிரித்துக்கொண்டே ஜாக்கெட் கையால் கண்ணைத் துடைத்தார். பெரியப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர்களுக்கும் சிப்ஸ் வேண்டுமோ என்று நினைத்துக்கொண்டு, எல்லாருக்கும் சேர்த்து வாங்கிவரும்படி அம்மாவுக்கு இன்னொரு தடவை கத்திச் சொன்னேன்.